ஈயக்குண்டும் தேசிக்காயும்

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, கல்முனைக் கடற்கரையோரம் இருந்த எங்கள் வளவில் உட்கார்ந்துதான் வலைக்கு ஈயம் கோப்பார். பிளந்த ஈயக்குண்டைக் கயிற்றில் வைத்துப் பல்லால் ஒரே கடி. குறடு எடுப்பது அவருக்கு மானக்குறைவு. எனக்கு ஏழு வயது. நானும் பக்கத்தில் இருந்து கடிப்பேன்.

அது நஞ்சு என்று உம்மா ஏசினார். சாச்சாவிடம் அதற்கும் மருந்து இருந்தது. வைட்டமின் சி ஈயத்தை முறிக்கும் என்று ரேடியோவில் கேட்டாராம்.

"தேசிக்காயச் சப்பிச் சப்பிக் கடி கிளி, ஈயம் பயந்து ஓடும்."

அல்லாஹ் மன்னிக்கட்டும், நானும் எலுமிச்சைச் சாற்றில் வாய் புளிக்கப் புளிக்கக் கடித்தேன்.

சில மாதங்களில் வயிற்றுக்குத்து வந்தது. முகம் வெளுத்துப் போனது. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தால், ஈயம். டொக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"புளி ஈயத்தக் கரைச்சு உள்ள அனுப்பியிருக்கு. யார் இந்தப் பண்டிதர்?"

"நான்தான்," என்றார் வாசலில் நின்ற சாச்சா. "அப்ப ரேடியோல சொன்னது பொய்யா?"

"அரைவாசி உண்மை. ஈயம் உடம்பில உள்ள சின்னச் சின்னக் கலங்களுக்குள்ள போய் அரிக்கும். வைட்டமின் சி அந்த அரிப்பக் கொஞ்சம் தடுக்கும். தோணியில ஏறின தண்ணிய அள்ளி ஊத்துற மாதிரி. ஓட்டைய அடைக்காம எவ்வளவு அள்ளுவீங்க? முதல்ல ஈயத்த வீட்ட விட்டு எடுங்க. பிறகு கொய்யாப்பழம், நல்ல சாப்பாடு குடுங்க."

அன்றே வாப்பா ஈயம் முழுவதையும் அப்புறப்படுத்தினார். சாச்சா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அஸர் தொழுது திரும்பும் வழியில் கொய்யாப்பழப் பையை வாசல் கேற்றில் கொழுவிவிட்டு, கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போவார்.

அடுத்த சோதனையில் ஈயத்தின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்! வாப்பா ஆஸ்பத்திரி விறாந்தையிலேயே நெற்றி நிலத்தில் படச் சுஜூதில் விழுந்தார். நேரே போய்ச் சாச்சாவைக் கையில் பிடித்து இழுத்து வந்தார். அவரோ கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"உள்ள வரட்டா கிளி?"

"நான் வேணாமெண்டா சொன்னன்? நீங்க தந்த கொய்யாப்பழம்தான் முழுக்கப் புழு!"

சிரிக்கத் தொடங்கியவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். புழுப்பழம் தந்ததற்கு இவ்வளவு வெட்கமா என்று எனக்குப் பாவமாகிவிட்டது.

"அழாதீங்க சாச்சா," என்றேன், "புழுவ எடுத்துப்போட்டுத்தான் திண்டன்."