தலைகுனிந்து எதிர்த்த மகள்

போன வாரம் ஊஸ்டர் நகரில் எங்கள் குடியிருப்புக் கூட்டுறவின் வருடாந்தக் கூட்டம். கோப்பி, கேக், கை தூக்கல் – சுவிஸ் சனநாயகத்துக்கு வேறென்ன வேண்டும்?

பிரேரணை கொண்டுவந்தவர் இரண்டாம் மாடி லின். தைவான்காரர். இரவில் உணவகச் சமையல், பகலில் தூக்கம். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் பிள்ளைகள் பந்து உதைக்கும் முற்றம். பிற்பகலில் அங்கே பந்து கூடாது என்பதுதான் கோரிக்கை. பாவம்... நியாயந்தானே?

மனைவி கமலா அக்காவுடன் என் பக்கத்தில் இருந்த சிவம் அண்ணை காதைக் கடித்தார்.

"உவையள் கன்பூசியஸின்ர வழி வந்த ஆக்கள். தகப்பன் சொன்னால் பிள்ளை தலையாட்டும். உவையளுக்கும் சனநாயகத்துக்கும் ஒத்துவராது, தம்பி."

அப்போது லின்னின் மகள் மேய் எழுந்தாள். தாதிமை படிப்பவள். முதலில் தகப்பனைப் பார்த்துத் தலைகுனிந்தாள். பிறகு அழகான டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பேசினாள்.

"அப்பா, எனக்காகத்தான் இத்தனை வருடம் இரவிரவாக நின்று சமைத்தீர்கள். உங்களுக்குத் தூக்கம் வேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட வேறு இடமில்லை. நான் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். என் அறைப் பக்கம் சத்தமே இல்லை. இன்றைக்கே நீங்கள் அங்கே மாறுங்கள்... நான் உங்கள் அறைக்கு வருகிறேன்."

லின்னின் முகம் சிவந்துவிட்டது. கைகள் உயர்ந்தன. பிரேரணை தோற்றது.

கோப்பி மேசையில் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன் – மகள்மேல் கோபமா?

"எல்லோர் முன்னாலும் சொன்னது வலித்தது. ஆனால், தகப்பன் பிழைவிட்டால் பணிவாக எடுத்துச் சொல்வதும் பிள்ளையின் கடமை என்றுதான் கன்பூசியஸ் சொன்னார். நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம்!"

மரியாதை என்றால் தலையாட்டுவது என்று நாங்கள்தான் சுருக்கிவிட்டோம் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டே கையை உயர்த்தலாமே!

திரும்பி வரும்போது லிஃப்டில் சிவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் கமலா, நான் லின்னுக்குக் கை தூக்க, நீர் அந்தப் பிள்ளையின்ர பக்கமே தூக்கினனீர்?"

"ஓம், தூக்கினனான். இஞ்ச வாக்கு ஆளுக்கொண்டெல்லோ?"

சிவம் அண்ணை ஐந்தாம் மாடிப் பொத்தானை இன்னொருமுறை அழுத்தினார். வாக்கு ஆளுக்கொன்று... லிஃப்ட்தான் எல்லோருக்கும் ஒன்று!