அம்மா முகம் போட்ட மசாலாத்தூள்

எங்கள் வீட்டு மசாலாத்தூளுக்கு ஒரு மார்க் வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியபோது வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. எதற்கும் நேரம் காலம் பார்க்கிற வழக்கம் அப்பாவிடம் கிடையாது. கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிகளாக இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாதென்று, வேலி வாசலில் தடவிப் பார்த்துத்தான் யாரையும் வெளியே விட்டார்கள்.

தூள் இடிப்பது அம்மா. இருட்டோடு போய் மரம் வெட்டி, பால் தூக்கி, மத்தியானம் திரும்பிச் சோறாக்கி, அதற்குப் பிறகு மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வறுத்து உரலில் இடிப்பாள். இடித்து முடித்ததும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். கண்ணிமையெல்லாம் மஞ்சளாக இருக்கும். இப்போது நினைத்தாலும் எனக்குத் தோள் வலிக்கிறது. லயத்தில் எல்லோரும் அந்தத் தூளைக் கேட்டு வாங்கினார்கள். துரையிடம் அனுமதி வாங்கி டவுன் கடைக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனை மட்டும் அப்பாவுடையது.

"பேரில்லாத சரக்க யாரு வாங்குவா? ஒரு மார்க் போட்டுக் கொண்டா லா" என்றார் கடைக்காரர்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை. யானை, ஒட்டகம், ரோஜாப்பூ எல்லாவற்றையும் யார் யாரோ முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனித முகம் போட்டால்தான் நம்பி வாங்குவார்கள் என்று கடைசியில் முடிவு செய்தார். ஆம்பிளை முகத்தைப் பார்த்து எவளும் மசாலா வாங்கமாட்டாள் என்பதும் அவருடைய கண்டுபிடிப்புதான்.

அம்மாவுக்கு இருந்த படம் ஒன்றே ஒன்று. அடையாள அட்டைக்காக ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்க வைத்து எடுத்தது. வேலைக்காட்டிலிருந்து நேராக வந்தவளைத் தலைத்துணியை அவிழ்க்கச் சொல்லியிருந்தார்கள். முடி கலைந்து, படம் பிடிப்பவனை முறைப்பதுபோல் இருப்பாள். முறைப்பெல்லாம் இல்லை, அசதி. அதையே அப்பா அச்சுக்கூடத்தில் கொடுத்தார். கலர் கட்டுப்படியாகாது என்று கறுப்பு மை. மேலே அம்மா முகம், கீழே பெரிய எழுத்தில் அப்பா பெயர், அதற்கும் கீழே விலை. பொட்டலத்துக்குச் சின்னது, கடைச் சுவருக்குப் பெரியது. மசாலாத்தூள் என்று ஒரு வரி போட வேண்டாமா என்று அச்சுக்கூடக்காரர் கேட்டாராம். கடையில் ஒட்டுவது கடைச் சரக்குதான் என்று யாருக்கும் தெரியும், அதற்கு வேறு தனியாகக் காசா என்று அப்பா சொல்லிவிட்டார்.

கஞ்சிப் பசை தடவிப் பொட்டலங்களில் ஒட்டியது நான். அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது எம் பேரா?" என்றாள்.

"இல்லம்மா, அப்பா பேரு."

அவள் விரலை எடுத்துக்கொண்டு, அடுத்த பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அந்த நாளில் சுவரில் ஒரு முகம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ் தேடுகிற ஆள். கீழே இருக்கும் எண், பிடித்துக் கொடுத்தால் கிடைக்கும் தொகை. கடைக்காரரோ அந்த நோட்டீஸ்களுக்குப் பக்கத்திலேயே அம்மாவையும் ஒட்டிவைத்தார். எல்லோரும் நின்று பார்க்கிற இடம் என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தூள் கொண்டுபோனோம். வேலி வாசலில் கெர்லிங் பக்கமிருந்து புதிதாக வந்த காவல்காரர் நின்றார். தமிழர்தான், மீசை முளைக்கிற வயது. அம்மாவைப் பார்த்ததும் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒம் பேரு என்னா?"

அம்மா சொன்னாள்.

"டவுன்ல ஒம் படத்துக்குக் கீழ ஆம்பள பேரு போட்டிருக்கு?"

"அது எங்க வீட்டுக்காரரு பேருங்க."

"அப்ப அந்தப் பேரச் சொல்லு, பாப்போம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்லுகிற வழக்கம் எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. நான் உரக்கச் சொன்னேன். "ஒன்னய யாரு கேட்டா?" என்று என்னை ஒதுக்கிவிட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா வாயைத் திறக்கவேயில்லை. லோரியில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பத்தை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அம்மாவும் கப்பலில் போய்விடுவாள் என்று வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் காலில் விழாத குறை. கிராணி பொட்டலத்தோடு போய், பிரித்துக் காட்டி, ஸ்டேஷனே தும்மிய பிறகுதான் விட்டார்களாம். பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

"ஒரு தடவ எம் பேரச் சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவ?" என்றார் அப்பா.

"எம் பேரப் போட்டிருந்தா கேட்டிருக்கவே மாட்டாங்க" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அப்பா புது மார்க் அடித்து வந்தார். இந்த முறை செலவைப் பார்க்காமல் நீலமும் பச்சையுமாகத் தோகை விரித்த மயில். எனக்குத் தலைகால் புரியவில்லை. உரலடியில் இருந்த அம்மாவிடம் ஓடிக் காட்டினேன். உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னா எழுதியிருக்கு, படி."

"மயில் மார்க் மசாலாத்தூள்" என்று படித்து, அதற்குக் கீழே இருந்த அப்பா பெயரையும் படித்தேன்.

"மயிலுக்குப் பேரு போட்டிருக்கா?"

"ஆமாம்மா, மேலேயே. பெரிய எழுத்துல."

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா உலக்கையை எடுத்தாள்.

எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தும் கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அன்று எனக்கு வருத்தம்.