நான் சொன்னதாக அவர் சொன்னது

ஒரத்தநாட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் சுகாதார செவிலியராக இருக்கிறேன். ஊருக்கு நான் நர்சம்மா. செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகள் வருவார்கள். எடை பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், வீக்கம் இருக்கிறதா என்று காலை அழுத்திப் பார்ப்பேன், பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்பேன். நோய் பாதி அந்தப் பதில்களில்தான் தெரியும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதியை மூன்று மாதம் வேறொருவரிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்தேன்.

ஊர் எல்லையில் ஓர் அரிசி மில். பீகாரிலிருந்து வந்த சில குடும்பங்கள் மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்கின்றன. அவர்களில் ஒரு பெண் ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்தாள். இருபத்தொரு வயது, முதல் பிரசவம். கணவன் அரிசி லாரியோடு கேரளாவுக்குப் போய் வருகிறவன். அதனால் அவளை அழைத்து வந்தவர் மில் மேஸ்திரி. உள்ளூர்க்காரர்தான். பம்பாயில் பல வருஷம் இருந்ததால் இந்தி சரளமாக வரும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொள்வார். இப்படி ஓர் ஆள் கிடைத்தாரே என்று நான் நினைத்ததுண்டு.

ஏழாம் மாதம் பிரஷர் ஏறியிருந்தது. கால் அழுத்தினால் குழி விழுந்தது.

"தலைவலி இருக்கா? கண்ணு மங்கலா தெரியுதா? கேளுங்க."

அவர் கேட்டார். அவள் பேசினாள். நிறுத்தாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். நடுவில் விரல்களை இரண்டு கண்களுக்கும் முன்னால் கொண்டுபோய் எதையோ விரட்டுவதுபோல ஆட்டினாள். அவள் முடித்ததும் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணும் இல்லைங்குதுங்க."

"இவ்வளவு நேரம் பேசிச்சே?"

"அது ஊர்க்கதைங்க. அம்மா நெனப்பு. வெயில்ல நடந்து வந்துச்சுல்ல, அதான் பிரஷரு."

வெளியே இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், கொஞ்சம் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் நாளைக்கே காட்டச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அவர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் சட்டென்று வெளிறியது. டாக்டர் என்றாலே பயம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, பதிவேட்டில் "குறை ஏதும் கூறவில்லை" என்று எழுதினேன். அது என் கையெழுத்துதான். இன்றும் அங்கே இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரிக்கு போன் போட்டேன். "காட்டியாச்சுங்க. நல்லாருக்குன்னுட்டாரு டாக்டரு" என்றார். அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் விரல்கள் அசைந்தது மட்டும் சமைக்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் நினைவில் வந்து நின்றது. ஊர்க்கதை சொல்கிறவள் ஏன் கண்ணைக் காட்ட வேண்டும்?

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு பெண் அங்கே வரவே இல்லை.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் என்னிடம் வருவார். முத்துப்பேட்டையில் பிறந்தவர். கணவரோடு பதினோரு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பக்கத்து வீட்டுப் பெண்களோடு பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டதாக ஒருமுறை சொல்லியிருந்தார். அவர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே மெஷினில் விட்டுவிட்டு எழுந்தார்.

மில் கேட்டில் மேஸ்திரி நின்றிருந்தார். எப்போதும்போல வணக்கம் சொன்னார். ஆனால் நகரவில்லை.

"ஓனர் ஊர்ல இல்லைங்க. வெளியாளை உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டரு."

"நான் கவர்மெண்ட் நர்சுங்க. பார்க்க வேண்டியது என் வேலை."

"நீங்க வாங்க, நான் வேணாங்கலை. அவங்க எதுக்கு? பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே."

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அமைதியாகச் சொன்னார்: "பொம்பளைங்க சமாச்சாரம் தம்பி. ஆம்பளை நின்னா அது வாய் தொறக்காது." சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

குறுவை நெல் வந்து குவிந்திருந்த சமயம். மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. உமித்தூசு எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அவள் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, கண்மேல் ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருந்தாள். முகம் எனக்கு அடையாளமே தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது.

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் மெதுவாக ஏதோ கேட்டார். அவள் துணியை எடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அக்கா ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி எனக்குச் சொன்னார்.

"பத்து நாளா தலை வெடிக்குதாம். கண்ணு முன்னாடி கருப்பா புள்ளி புள்ளியா பறக்குதாம். நெஞ்சுக்குக் கீழ பிடிச்சு இழுக்குதாம்."

என் கை பிரஷர் கருவியைச் சுற்ற ஆரம்பித்தது. பட்டை சரியாக மாட்டவில்லை. கழற்றி மறுபடியும் சுற்றினேன்.

"புள்ளி பறக்குறத போன தடவையே சொன்னேனேங்குது. உங்ககிட்டயே சொன்னேங்குது."

"நான் என்ன சொன்னேனாம்?"

அக்கா கேட்டார். பதிலைக் கேட்டதும் என்னைப் பார்த்தார்.

"முதப் புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்களாம். சும்மா வந்து தொந்தரவு பண்ணினா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வயித்தைக் கிழிச்சுடுவாங்க, புருஷனுக்கு வேலை போயிடும்னு சொன்னீங்களாம். அதான் உங்ககிட்ட வரப் பயந்து கிடந்துச்சாம்."

மூன்று மாதமாக அந்த அறையில் நான் சொல்லாததெல்லாம் நான் சொன்னதாகப் போயிருக்கிறது. அவள் சொன்னதெல்லாம் என் மேஜைக்கு வந்து சேராமல் இருந்திருக்கிறது. பிரஷர் கருவியில் தெரிந்த எண்ணை இரண்டு முறை பார்த்தேன். 108-க்கு போன் செய்யும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அக்காவும் என்னோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே ஏறினார். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அவளிடம் பேசிக்கொண்டே வந்தார். நான் ஊசியைப் போடும் முன் அது எதற்கு என்று அக்கா சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஆபரேஷன் பற்றி விளக்க, அக்கா வரிக்கு வரி இந்தியில் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஆபரேஷன் செய்தால் நான் பிழைப்பேனா, என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். டாக்டரம்மா சொன்ன பதிலைக் கூட்டாமல் குறைக்காமல் அக்கா சொன்னார். அவள் ரேகை வைத்தாள். வைத்த கொஞ்ச நேரத்தில் கண்கள் மேலே சொருகி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தள்ளுவண்டியை ஓடிக்கொண்டேதான் உள்ளே கொண்டுபோனார்கள்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் இருந்தது, பிழைத்தது. தாயும் பிழைத்தாள். வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் மங்கல் போகவே இல்லை. கணவன் வந்ததும் மூன்று பேரும் பீகாருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு மேஸ்திரி என்னைப் பார்க்க வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார்.

"நல்லதுக்குத்தாங்க அப்படிச் சொன்னேன். ஒண்ணு படுத்தா கூட நாலு படுக்கும். சீசன்ல மெஷினை நிறுத்த முடியுமா? உங்களுக்கும் வேலை மிச்சம்தானே?"

கோபத்தைவிட அதிகமாக எனக்கு வந்தது பயம். அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை.

அதன்பின் மில்லிலிருந்து வருகிறவர்களைத் தனியாகத்தான் உள்ளே விட்டேன். அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிடுவேன். வெளியே யார் நின்றாலும் நிற்கட்டும் என்று விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கர்ப்பிணி இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசினாள். முடித்ததும் போனை மேஜைமேல் வைத்தாள்.

"நர்சம்மா, மொதல்ல கதவைச் சாத்துங்க" என்றார் அக்கா. "மேஸ்திரி பத்தித்தான் சொல்லுது."

அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். எழுதியதை இந்தியில் திருப்பிச் சொல்லச் சொல்லி, இரண்டு இடத்தில் திருத்திய பிறகே அவள் ரேகை வைத்தாள்.

போலீஸ் மில்லுக்குப் போனபோது மேஸ்திரி அங்கே இல்லை. இன்றுவரை அகப்படவில்லை. இந்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கோ ஓர் ஊரில் யாரோ அவரை வேலைக்கு வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.