மேளச் சத்தத்தின் பக்கம் வானைத் திருப்பிய ரஞ்சி அக்கா

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகனுக்கு லேசான காய்ச்சல். நெற்றியை மூன்று தரம் தொட்டுப் பார்த்து, அவன் நித்திரையான பிறகுதான் உட்கார முடிந்தது. எங்கள் வான் வண்டியில் பாட்டுக் கேட்க வந்துபோன எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

ரஞ்சி அக்காவின் செய்தி வந்தபோது பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். உப்புக்குளத்தில் அவருடைய தையல் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டை போனில், "நெஞ்சு நோகுது எண்டு இருந்தவா, அப்பிடியே போயிட்டா" என்றாள். எனக்கு விளங்கவே இல்லை. முதல் நாள் பின்னேரம்தான் கத்தரிக்கோலும் கையுமாகக் கடை வாசலுக்கு ஓடிவந்து, இலுப்பைக்கடவைத் திருவிழாவுக்கு வரும் இசைக்குழுவில் ஒரு பொம்பிளைப் பிள்ளை ட்ரம்ஸ் அடிக்கிறாளாம் என்று சொன்னவர்.

அவரோடு போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வான் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணையுடையது. ஆட்களைச் சேர்ப்பது, பாய் எடுப்பது, பிந்தி வருகிறவர்களை ஏசுவது எல்லாம் அக்கா. அண்ணை கொண்டுபோய் விட்டுவிட்டு, சாரதி ஆசனத்திலேயே நித்திரை கொள்வார். ஒருநாளும் இறங்கிக் கேட்டதில்லை. "இவருக்கு என்ர வாயே ஒரு கச்சேரி" என்பார் அக்கா.

அக்கா ஒருவரிடமும் வழி கேட்க மாட்டார். ஒழுங்கைக்குள் வந்ததும் எஞ்சினை நிற்பாட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, சத்தம் வரும் பக்கம் கையைக் காட்டுவார். நானாட்டான் பக்கம் ஒரு சிற்றாலயத் திருவிழாவுக்கென்று அப்படித்தான் போனோம். போய் நின்றது ஓர் அம்மன் கோவில் வாசலில். நாங்கள் கேட்க வந்த இசைக்குழு அடுத்த நாள்தானாம். நாள் மாறி வந்துவிட்டோம். தேவாலயப் பூசைக்குப் போகும் உடுப்போடு நின்ற எங்களைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்துவிட்டு, வாங்கோ, இருங்கோ என்று பாயை விரித்தார்கள்.

இரண்டு தவில்காரர் எதிரும் புதிருமாக நின்று சமா வைத்தார்கள். ஒருவர் அடித்ததை மற்றவர் வாங்கி, இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தார். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முன்னுக்குப் போய் இருந்த அக்கா, கைப்பையில் தாளம் போட்டார், அதுவும் பிழையாக. இளைய தவில்காரர் அதைக் கண்டுவிட்டு, ஒரு அடி அடித்து நிறுத்தி, முடியுங்கள் என்பதுபோல் அவரைப் பார்த்தார். அக்கா துணிந்து பையில் தட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. தவில்காரரோ அந்தப் பிழையை அப்படியே தவிலில் எடுத்து, அதையே சுற்றிச் சுற்றி வாசித்து, கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்துவிட்டார். மன்னார்ப் பாலம் வரும்வரை அக்காவின் வாய் ஓயவில்லை. "என்ர பிழையை அந்த மனுசன் எவ்வளவு வடிவாக்கினவர், கண்டியே?"

மகன் பிறந்த பிறகு நான் போவதை நிற்பாட்டினேன். சத்தம், நுளம்பு, பனி, கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் எனக்குப் பயம். அக்கா வீட்டுக்கே வந்து நின்றார். "காய்ச்சல் வாறதெண்டால் வீட்டில இருந்தாலும் வரும். பிள்ளையின்ர காதுக்குப் பஞ்சை வை, வெளிக்கிடு." பேசாலைக் கடற்கரையில் ஸ்பீக்கரிலிருந்து எட்டத்தில், மணலில் இருந்தோம். ஒரு பாட்டு முடிந்ததும் பாடகர் குனிந்து மூச்சு வாங்கினார். "ரேடியோவில இதைக் காட்டுவாங்களோ?" என்று அக்கா என் தொடையில் தட்டினார். மகன் அவர் மடியில் நின்று குதித்தான். எனக்கும் குதிக்கவேண்டும் போலிருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு மரியதாஸ் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடியாமல் இலுப்பைக்கடவைக்குப் பாட்டுக் கேட்கப் போவதா என்று அவருடைய தங்கச்சி சண்டை பிடிக்கிறாவாம். அவர் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "இவ்வளவு காலமும் அவளைக் கொண்டுபோய் விட்டிட்டு நித்திரை கொண்டனான். இந்த முறை இறங்கிக் கேக்கப் போறன், பிள்ளை. தனியப் போக எனக்குத் தைரியம் இல்லை."

தங்கச்சி சொல்வதும் பிழையில்லை, ஊர் கதைக்கும். ஆனாலும் நான் போகிறேன். எனக்குப் பாட்டு அறிவு கிடையாது. எங்கே போவதென்றாலும் என்னென்ன கெடுதல் நடக்கலாம் என்று முதலில் யோசிக்கிறவள் நான். அந்த யோசனை என்னை விட்டுப் போகவில்லை. அதையும் தூக்கிக்கொண்டு வானில் ஏற அக்கா என்னைப் பழக்கிவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு இலுப்பைக்கடவைக்கு வான் வெளிக்கிடும். அண்ணையோடு எத்தனை பேர் இறங்குவோம் என்று அவருக்குச் சொல்லவேண்டும். வருவீர்களோ மாட்டீர்களோ, நாளைக்கே எனக்குப் பதில் எழுதுங்கோ.