அடுத்த செய்தி வரை

சேலத்தில் டீக்கடையில் நின்றிருந்தேன். யாரோ கைப்பேசியில் வானொலி வைத்திருந்தார். செய்திக்கு முந்தைய மணியோசை கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அந்த மணியோசைக்காக நாள் முழுக்கக் காத்திருந்தபோது எனக்கு ஒன்பது வயது. நாமக்கல்லில் இருந்தோம். லாரி ஓட்டுநரான அப்பா வடக்கே லோடு கொண்டுபோயிருந்தார். பக்கத்து வீட்டு ராஜம்மா அத்தையின் கணவரும் இன்னொரு லாரியில் உடன் போயிருந்தார். காலை டெல்லிச் செய்தியில், மலைப்பாதையில் மண் சரிந்து தமிழ்நாட்டு லாரி ஒன்று புதைந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஓட்டுநர் பெயர் சொல்லவில்லை.

"அடுத்த செய்தியில சொல்லுவாங்க, இருங்கக்கா" என்று அம்மா அத்தையை அருகில் உட்காரவைத்தாள். வானொலியை அணைக்கவே இல்லை. மஞ்சளுக்கு நீர் பாய்ச்சுவதைப் பற்றி ஒருவர் பேசினார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி ஒரு மருத்துவர் பேசினார். பிறகு ஒரு சிரிப்பு நாடகம். இருவரும் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். மதியச் செய்தியிலும் லாரியைப் பற்றி எதுவும் இல்லை.

மாலையில் லாரி முதலாளி வந்தார். அம்மாவிடம், "உங்க ஊட்டுக்காரரு போன் பண்ணுனாருங்க. நல்லா இருக்காரு" என்றார்.

நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அவர் அத்தையிடம் திரும்பி, "உங்க அண்ணன் எந்த ஊருங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா அத்தையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தையோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்களில் அத்தையின் அண்ணன் வந்து அவரைத் தன் ஊரான ஜேடர்பாளையத்துக்கு அழைத்துப் போனார். "அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா சாமி" என்று அம்மா எவ்வளவோ கூப்பிட்டாள். நான் கட்டிலடியிலிருந்து வெளியே வரவில்லை.