மேற்குச் சுவர் பெஞ்சு

என் மூச்சுத் திணறலுக்காக அப்பா முதன்முதலில் அடி வாங்கியது எண்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில், எங்கள் வீட்டு வாசலில். ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அடித்தவர் அம்மாவின் அண்ணன். ஒரே அடிதான். கீழ்வரிசையில் ஒரு பல் போனது.

அப்பாவுக்கு நூற்பாலையில் பஞ்சுப் பேல் பிரிக்கிற வேலை. புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்க வீட்டுக்கு வருவார். எங்கள் தெருவில் யாருக்கு இளைப்பு வந்தாலும் காரணம் பஞ்சு என்பது முடிவான விஷயம். வேறு எதையும் யாரும் யோசித்ததில்லை. வாசல் அடிபம்பில் குளித்துத் துணி மாற்றாமல் அப்பா நிலைப்படியைத் தாண்ட முடியாது. மழையிலும் அப்படித்தான்.

"பிள்ளை நெஞ்சுல பஞ்சை அடைச்சுட்டுச் சோறு வேற கேக்கீகளோ?" என்று அம்மா தட்டை முற்றத்தில் வீசியதும் உண்டு.

அந்த ஞாயிறு மாமா கெடு வைத்தார். "மாப்ளே, வார ஞாயித்துக்கெழமைக்குள்ள மில்லை விடணும். இல்லைன்னா வீட்டை விடணும்."

அப்பா வாயைக் கொப்பளித்துச் சாக்கடையில் துப்பினார். 

நான் அப்போது ஆறாம் வகுப்பு. வகுப்பின் மேற்குச் சுவருக்குப் பின்னால் கசிகிற தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அடைமழைக் காலத்தில் அந்தச் சுவர் தரையிலிருந்து என் தோள் உயரம் வரை கறுத்து, ஈரச் சாக்கு போல நாறும். இருமுகிறவர்களால் பாடம் கெடுகிறது என்று டீச்சர் எங்கள் நால்வரை அந்தச் சுவரோரப் பெஞ்சுக்கு மாற்றியிருந்தார். டிக்டேஷன் நடக்கும்போது இருமினால் விரல் முட்டியில் பிரம்பு. அடியை நினைத்து இருமலை அடக்குவோம். அடக்கிய இருமல் இன்னும் பெரிதாக வெடிக்கும். அதற்கு முதுகில் ஒன்று.

வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அந்தப் பெஞ்சுக்காரர்கள் தேங்காய்ச் சிரட்டையால் சுவரைச் சுரண்ட வேண்டும். "நல்லா அழுத்திச் சுரண்டுங்கட்டி, திங்கிறதுக்கு மட்டும் கை நீளுதுல்ல?" என்பார் டீச்சர். கறுப்புப் பொடி தலையிலும் இமையிலும் விழும்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் மூவரும் போனோம். அம்மா பஞ்சுக் கதையையும் மாமா வைத்த கெடுவையும் சொல்லி முடிக்கும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"என்னைக்கு ரொம்ப இளைக்கும்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"அன்னைக்கு என்ன?"

"செவரு சுரண்டுவோம்."

அவர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அது பூஞ்சைம்மா. அந்தப் பொடிதான் மூச்சுல போகுது. வீட்டுல அவரை ஏன் வெரட்டுறீங்க?"

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவின் வீங்கிய கன்னம் அம்மா பக்கம் இருந்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விஷயம் மாமாவுக்குப் போனது. மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையுடன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். பெஞ்சைக் காட்ட என்னையும் இழுத்துப் போனார். அப்பா பின்னாலேயே ஓடிவந்தார்.

"பொம்பளைன்னு விடுதேன்," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு மாமா சுவரைக் குத்தினார். மூன்றாவது குத்தில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. அறை முழுக்கக் கறுப்புப் புழுதி. பிள்ளைகள் அலறி ஓடினார்கள். என்னால் ஓட முடியவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை. நகங்கள் நீலமானதை நானே பார்த்தேன்.

"மச்சான், நிறுத்துங்க! பிள்ளைக்கு மூச்சு வரலை!"

மாமா மறுபடி கடப்பாரையை ஓங்கினார்.

"தள்ளுலே!" அப்பா அவர் முகத்தில் குத்தினார். மாமா பெஞ்சின் மேல் மல்லாந்து விழுந்தார், மூக்கிலிருந்து ரத்தம். அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் போட்ட ஊசிக்குப் பிறகுதான் எனக்குக் காற்று கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து, அடிபம்பில் நிற்காமல், புருவத்தில் பஞ்சோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள்.

என்னை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பழைய வகுப்பில் அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தொட்டி அதே இடத்தில்தான் இருந்தது. மற்ற மூன்று பேரும் அதே பெஞ்சில்.