துரைசாணிக்கு ஊற்றிய வெந்நீர்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். கல்லறைத் தோட்டத்து வழியாகத்தான் தினம் வேலைக்குப் போய்வந்தேன், ஒரு சொறிநாயைத் தவிர எதுவும் என்னைத் துரத்தியதில்லை. நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நடந்தது.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு துரைசாணி வீட்டில் நான் சமையல், என் தங்கை செசிலி அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா. துரைசாணி குடும்பத்தோடு சீமைக்குப் போனபோது அவளையும் கூட்டிப் போனாள். ரைன் நதியில், படகிலேயே தங்கி ஊர் ஊராகப் பார்க்கிற பயணமாம். வில்பட்டியில் பூண்டு போடுகிற ஒருவனுக்குச் செசிலியைப் பேசி வைத்திருந்தோம், அவள் வந்ததும் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி.

துரைசாணி வந்தாள், செசிலி வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள், அங்கேயே அடக்கம் செய்தாயிற்று, ஆண்டவர் சித்தம் என்றாள். காய்ச்சலை யார் என்ன செய்ய முடியும் என்று அடுப்படியிலேயே அழுது தீர்த்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம், மூடுபனி ஏறுகிற நேரம், துரைசாணியின் சிநேகிதி ஒருத்தி தேநீருக்கு வந்திருந்தாள். நான் கேக் தட்டோடு நிற்கிறேன், அடுப்படி இங்கிலீஷுக்கு மேல் எனக்குப் புரியாது என்று துரைசாணிக்கு நினைப்பு, சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். படகு ஒரு பழைய ஊரில் நின்றதாம், வானத்தை முட்டுகிற பேராலயத்தைப் பார்க்கப் போனார்களாம். நம் சனம் கோயிலுக்குள் செருப்போடு போகுமா? செசிலி வாசற்படியிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பனி உறைந்து கிடந்த கல்லில் வெறுங்காலோடு நடந்து உள்ளே போய் முழங்கால் போட்டாளாம். நாலு பேர் பார்த்ததில் துரைசாணிக்கு மானம் போய்விட்டது. பாடம் படிக்கட்டும் என்று அந்த ஷூவை எடுத்து ஆற்றில் வீசி, படகு வரைக்கும் அவளை அப்படியே நடக்க வைத்தாளாம். கோழி மாதிரி குதித்துக் குதித்து வந்தாள் என்றாள். அன்றைக்குத்தான் காய்ச்சல் கண்டது.

அவளை அங்கேயே கொன்றுபோடலாம் போல இருந்தது. தட்டை வைத்துவிட்டு வந்தேன்.

சிநேகிதி போனதும் கூப்பிட்டாள், கால் விறைக்கிறது, வெந்நீர் வேண்டும் என்றாள். அவள் கால் வைத்திருந்த பேசினில் ஊற்றினேன். போதாது, இன்னும் சூடாக என்றாள். அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கெட்டிலைக் கொண்டுவந்தேன்.

"அம்மா, கால் வெந்துபோகுங்க" என்று பயத்தில் தமிழிலேயே சொன்னேன்.

ஊற்று என்று கையைக் காட்டினாள். ஊற்றினேன். நம்பினால் நம்புங்கள், தோல் வழன்று வருகிறது, அவளோ உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டிக் குளிரில் நடுங்குகிறாள். என் கை நின்றுவிட்டது. அப்போது அவள் வாய் திறந்தது, வா, போ என்றுகூடத் தமிழில் சொல்லத் தெரியாதவள்.

"இன்னும் ஊத்துக்கா, வெரசா ஊத்து."

செசிலியின் குரல். அழுகை இல்லை, கோபம் இல்லை, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து குழம்பு கேட்பாளே, அந்தக் குரல்.

டாக்டர் வந்து, இது வெந்நீர் பட்ட கால் இல்லை, பனி தின்ற கால் என்று சொல்லி விரல்களை எடுத்தார். அதைக்கூட நான் மறந்துவிடுவேன். போதும் என்று மட்டும் அந்தக் குரல் கடைசிவரை சொல்லவில்லை, கெட்டில் காலியானதால்தான் நிறுத்தினேன்.